பழைய கொரோனா மெஷினில் பாலியஸ்டர் இன்டர்லாக்: துணியைத் தண்ணீர் குடிக்க வைத்த அனுபவம்

ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட்டுக்கு ஓட்டுகிற 100 சதவீத பாலியஸ்டர் துணியை, ஃபினிஷிங் எதுவும் போடாமல் மேஜையில் விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தாலும் அங்கேயேதான் இருக்கும், துணியைச் சாய்த்தால் ஓடிவிடும். போட்டுக்கொண்டு விளையாடுகிறவனின் வேர்வைக்கும் இதே கதிதான், துணிக்குள் போகாமல் முதுகில் வழியும்.

பருத்தி சாதாரணக் காற்றில் இருக்கும்போதே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பாலியஸ்டருக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஸ்போர்ட்ஸ் துணியில் நார் தண்ணீரைக் குடிக்க வேண்டிய அவசியமே இல்லை, நாருக்கும் நாருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் தண்ணீர் ஏறிப் பரவினால் போதும், பரவினால் சீக்கிரம் காய்ந்தும் விடும். அதற்கு நாரின் மேல்தோல் மட்டும் மாற வேண்டும். அதைச் செய்யக்கூடியது பிளாஸ்மா, அதாவது மின்சாரம் பாய்ந்து மின்னேறிய வாயு. அது தொடுவதும் அந்த மேல்தோலைத்தான், சில நானோமீட்டர் ஆழத்துக்கு. பத்துப் பதினைந்து மைக்ரான் குறுக்களவு உள்ள ஃபிலமெண்டில், அதாவது அறாமல் நீளமாக ஓடுகிற இழையில், அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது, அதனால் துணியின் பலமும் எடையும் சாயமும் அப்படியே இருக்கும். படிக்கிறபோது கேட்க நன்றாக இருந்த இந்த விஷயத்தைக் கையால் செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கியதன் பதிவு இது.

முதலில் எந்த பிளாஸ்மா என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. வெற்றிடத் தொட்டி வைத்துச் செய்கிற வகை சுத்தமானது, ஒரே சீராக வரும், ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பாதி அதில்தான் செய்திருப்பார்கள். ஆனால் துணி என்பது காற்றையும் ஈரத்தையும் மடிப்பு மடிப்பாக வைத்திருக்கிற பொருள், தொட்டிக்குள் போட்டால் பம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் விட்டால் சாதாரண மினரல் ஆயில் ஊற்றிய வேக்குவம் பம்ப்பை வைக்கவே கூடாது, ஆயில் தீப்பிடிக்கும், அதற்கென்று ஃப்ளோரின் கலந்த ஆயில் வேண்டும், அதன் விலை வேறு. தவிர ரோல் ரோலாக ஓடுகிற துணிக்கு ஒரு தொட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பது சரிப்படாது. நம் நாட்டிலேயே காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில் அங்கோரா முயல் ரோமத்தை, நூற்கும்போது வழுக்காமல் இருப்பதற்காக, சாதாரணக் காற்றழுத்த பிளாஸ்மாவில் ஓட்டியிருக்கிறார்கள். அப்படியானால் காற்றிலேயே செய்துவிடலாம்.

காற்றில் செய்வதற்கு ரெடிமேடாக ஒரு மெஷின் ஊரெல்லாம் இருக்கிறது, யாரும் அதைத் துணிக்கு நினைப்பதில்லை. பாலித்தீன் கவர் பிரிண்டிங் பண்ணுகிறவர்களிடம் இருக்கும் கொரோனா ட்ரீட்டர்தான் அது. பிளாஸ்டிக் ஃபிலிமில் மை ஒட்டாது என்ற தொல்லைக்கு 1951-இல் டென்மார்க்கில் வெர்னர் ஐஸ்பி கண்டுபிடித்த வழி. ஒரு உலோகப் பட்டை எலக்ட்ரோடு, எதிரே மின்காப்பு உறை போட்ட ரோலர், நடுவில் ஒன்றரை இரண்டு மி.மீ. காற்று இடைவெளி, பல ஆயிரம் வோல்ட், நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம். இடைவெளி முழுக்க மெல்லிய நூல் நூலாக மின்னிக்கொண்டே இருக்கும். இந்த மின்னலுக்குத்தான் டிஸ்சார்ஜ் என்று பெயர், இங்கே பிளாஸ்மாவும் இதுதான். ஒவ்வொரு மின்னலும் பெரிய தீப்பொறியாக வளர்வதற்குள் மின்காப்பு உறை அதை நிறுத்திவிடும். 1857-இல் வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஓசோன் செய்வதற்குப் போட்ட கண்ணாடிக் குழாயிலும் இதே தத்துவம்தான். அதனால் கொரோனா மெஷினிலும் ஓசோன் வரும், நிறையவே வரும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எனக்குக் கிடைத்தது 60 செ.மீ. அகல மெஷின், ஒரு கிலோவாட் ஜெனரேட்டர் (டிஸ்சார்ஜுக்கு மின்சாரம் தருகிற பெட்டி), மூடிப்போன ஒரு கவர் பிரிண்டிங் யூனிட்டிலிருந்து பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே. இதை ஓட்டித் தந்த ஃபிட்டர் அண்ணனுக்கு இருபது வருஷம் இந்த மெஷின்களோடுதான் பிழைப்பு. துணிக்கு என்று சொன்னதும், "தம்பி, ஃபிலிமு கண்ணாடியாட்டம் போகும், துணி அப்படிப் போகாதுங்க, பஞ்சு பறக்கும், பார்த்துக்கங்க" என்றார். பின்னால் அது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

கேபினெட்டைத் திறந்தபோது ஹை வோல்டேஜ் கேபிள் வந்து சேருகிற செம்பு டெர்மினல் முழுக்கப் பச்சைப் பொடி, அலுமினியப் பட்டையில் வெள்ளைப் பூப்பு. பழசானதால் வந்த துரு இல்லை இது. காற்றில் இருக்கிற நைட்ரஜனும் டிஸ்சார்ஜில் சிக்கி நைட்ரஜன் ஆக்சைடாகி, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி உட்காரும். எக்ஸாஸ்ட் ப்ளோயர் சரியாக இழுக்காத மெஷினில்தான் இவ்வளவு சேரும். ப்ளோயர் டக்ட்டைக் கழற்றினால் உள்ளே பாதிக்கு மேல் அடைப்பு. டெர்மினலை எமரி பேப்பரால் தேய்த்து, கிளாம்ப்பைப் புதிதாகப் போட்டு, டக்ட்டை மாற்றி கூரைக்கு மேலே கொண்டுபோய் விட்டோம். ப்ளோயர் ஓடாவிட்டால் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகக்கூடாது என்பதற்காக டக்ட்டில் ஒரு பிரஷர் ஸ்விட்ச் இருக்கும், அதை யாரோ ஒயர் போட்டு ஷார்ட் பண்ணி வைத்திருந்தார்கள். அதேபோல ரோலர் சுற்றாமல் நின்றால் மின்சாரத்தை வெட்டுகிற சென்சாரும் செத்துக் கிடந்தது. இரண்டையும் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகவில்லை. பொருள் நகராமல் நின்று டிஸ்சார்ஜ் மட்டும் ஓடினால் பாலியஸ்டர் சில நொடியில் உருகி ஓட்டையாகும், அப்புறம் பற்றிக்கொள்ளும்.

பெரிய வேலை ரோலர் உறை. சிலிக்கான் ரப்பர் ஸ்லீவ், மூன்று மி.மீ. கனம். வெளிச்சத்தில் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. லைட்டை அணைத்துவிட்டுக் குறைந்த பவரில் ஓட்டினால்தான் விஷயம் தெரியும். நல்ல இடத்தில் டிஸ்சார்ஜ் மங்கலான ஊதாவாக, ஒரு திரை விரித்த மாதிரி பட்டையின் நீளத்துக்கும் நிற்கும். இதில் வலது ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று வந்து போயிற்று, கூடவே டிக் டிக் என்று சத்தம். மெஷினை நிறுத்தி, எர்த் ராடை வைத்து மிச்ச மின்சாரத்தை இறக்கி, அந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் கடுகைவிடச் சின்னதாக ஒரு கருப்புப் புள்ளி, ஊசியை வைத்தால் உள்ளே ரோலர் உலோகம் வரைக்கும் இறங்கியது. ஸ்லீவ் பஞ்சர். ஒட்டுப் போட்டு ஓட்டுவது வேலைக்காகாது, மின்சாரம் மறுபடியும் அந்த வழியைத்தான் தேடும். மின்காப்பைச் சோதிக்கிற மெக்கர் வைத்துப் பார்த்தால் இது தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மெக்கரின் ஆயிரம் வோல்ட் அந்த ஓட்டையில் இருக்கிற காற்றைத் தாண்டாது.

புது ஸ்லீவ் ரோலரைவிடக் கொஞ்சம் சின்ன அளவில் வரும். எப்படி ஏறும் என்று யோசித்தால், அது காற்றில் ஏறுகிற விஷயம். ரோலரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, பிசிறு இல்லாமல் தேய்த்து, ஸ்லீவின் ஒரு வாயை ரோலரின் முனையில் மாட்டி, மறு வாயை அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து காற்றை விட்டால் ஸ்லீவ் லேசாக உப்பி, ரோலருக்கும் அதற்கும் நடுவில் காற்றுப்படலத்தில் மிதக்கும். அந்த நேரத்தில் இரண்டு பேர் பிடித்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். காற்றை நிறுத்தினதும் பிடித்துக்கொள்ளும், பசை வேண்டாம். உள்ளே காற்றுக் குமிழி மாட்டியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி இருந்தால் அதற்குள்ளேயே டிஸ்சார்ஜ் ஆகி அந்த இடம்தான் அடுத்த பஞ்சர்.

இனி துணி. முதலில் சிங்கிள் ஜெர்சியை, அதாவது ஒற்றைப் பின்னல் துணியை, எடுத்தால் ஓரம் சுருண்டுகொண்டு, இரண்டு பக்கமும் கயிறு மாதிரி திரண்டு எலக்ட்ரோடில் இடிக்கப் போயிற்று. ஸ்ப்ரெடர் ரோலர் இருந்தால் சமாளிக்கலாம், என்னிடம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற இரட்டைப் பின்னலான இன்டர்லாக் சுருளாது, அதனால் ஃபிலமெண்ட் பாலியஸ்டர் இன்டர்லாக், சதுர மீட்டருக்கு 140 கிராம், வெள்ளை. குட்டை நாரை நூற்றுச் செய்கிற ஸ்பன் பாலியஸ்டர் வேண்டாம் என்று வைத்ததற்குக் காரணம் அண்ணன் சொன்ன பஞ்சு. நீட்டிக்கொண்டிருக்கிற நார் நுனியை டிஸ்சார்ஜ் சுடும், பறக்கிற பஞ்சு எலக்ட்ரோடில் ஒட்டிக் கருகும், கருகிய பஞ்சு தீக்கு வழி. ஃபிலமெண்டில் ஓட்டியும் ஒவ்வொரு ரோலுக்கும் பிறகு பட்டையைத் துடைக்க வேண்டியிருந்தது.

துணியில் ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவிப் பார்ப்பது கட்டாயம். லாட் நம்பர் எழுதின சீட்டைத் துணி முனையில் பின் அடித்து அனுப்புவது இங்கே எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். அந்த ஒரு பின் உள்ளே போனால் புது ஸ்லீவ் போச்சு.

ஓட்டுவதற்கு முன்னால் துணியைக் கழுவியாக வேண்டும். நிட்டிங் ஆயிலும், நூலில் வருகிற ஸ்பின் ஃபினிஷும் நாரின் மேலே ஒரு படலமாக இருக்கும். அதோடு ஓட்டினால் பிளாஸ்மா அந்த எண்ணெயைத்தான் ட்ரீட் பண்ணும், அடுத்த அலசலில் எண்ணெயோடு எல்லாம் போய்விடும். நான்-அயானிக் சோப்பும் கொஞ்சம் சோடா ஆஷும் போட்டு 70 டிகிரியில் அரை மணி நேரம், அப்புறம் அலசல்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, பல பேருடைய நல்ல ரிசல்ட் இதில் விழுந்து கிடக்கும் என்று நினைக்கிறேன். அலசல் போதாமல் துணியில் துளி சோப்பு மிச்சம் இருந்தாலும் சொட்டு சட்டென்று உள்ளே போய்விடும். பிளாஸ்மா வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவோம், உண்மையில் வேலை செய்தது சோப்பு. இதைப் பிடிக்க ஒரு எளிய வழி: கழுவிக் காய்ந்த துணியில் ஒரு துண்டை வெட்டி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றின சின்ன பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் இன்னும் அலச வேண்டும். நுரை இல்லையென்றாலும் நம்பாமல், அந்தத் தண்ணீரிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, நன்றாக அலசின வேறு பாலியஸ்டர் துண்டின் மேல் விடுங்கள். வெறும் டிஸ்டில்டு வாட்டர் சொட்டு நிற்கிற அளவுக்கு இதுவும் நிற்க வேண்டும், நின்றால்தான் துணி சுத்தம். சொட்டுச் சோதனைக்குக் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம், நம் போர் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

எவ்வளவு பிளாஸ்மா கொடுக்கிறோம் என்பதற்கு ஃபிலிம்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வாட்டை, அகலத்தாலும் நிமிஷத்துக்கு ஓடுகிற மீட்டராலும் வகுப்பது. 600 வாட், 0.6 மீட்டர் அகலம், நிமிஷத்துக்கு 5 மீட்டர் என்றால் 600 ÷ 3 = 200, அதாவது சதுர மீட்டருக்கு 200 வாட்-நிமிஷம். கவர் பிரிண்டிங்கில் பெரும்பாலும் இதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். துணிக்கு அது பற்றாது, ஏனென்றால் ஒரு சதுர மீட்டர் துணியில் உள்ள நார்களின் மொத்த மேற்பரப்பு ஒரு சதுர மீட்டரைவிடப் பல மடங்கு. நிமிஷத்துக்கு 5 மீட்டரில் ஒரு பக்கம் ஒரு பாஸ், அதாவது ஒரு தடவை, விட்டுப் பார்த்தால் சொட்டு சில நொடி தயங்கித்தான் உள்ளே போயிற்று. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பாஸ் விட்டதும் விழுந்த இடத்திலேயே மறைந்தது. அதற்கு மேல் பாஸ் கூட்டியும் பெரிய லாபம் இல்லை, துணியில் லேசான பிசுபிசுப்பு மட்டும் கூடியது. அந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம் உண்டு. பாலியஸ்டரின் நீளமான சங்கிலியை ஆக்சிஜன் அணுக்கள் வெட்டி, வெட்டின முனையில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் மாதிரியான தண்ணீருக்குப் பிடித்த குழுக்களை உட்கார வைக்கின்றன. அளவாக வெட்டினால் அவை நாரோடு ஒட்டியே இருக்கும். அளவுக்கு மீறி வெட்டினால் குட்டிக் குட்டித் துண்டாகித் தண்ணீரில் கரைகிற பொடியாக மேலே கிடக்கும், சொட்டுச் சோதனையில் நன்றாகத் தெரியும், முதல் அலசலில் போய்விடும்.

எலக்ட்ரோடு இடைவெளியை ஃபிலிமுக்கு வைக்கிற ஒன்றரை மி.மீ.யிலேயே வைத்தால் துணியின் கனம் இடிக்கும். இரண்டு மி.மீ.க்கு ஏற்றினேன். ஏற்றினதும் ஜெனரேட்டர் ஓவர் வோல்டேஜ் காட்டி ட்ரிப் ஆனது. ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைத் தேர்ந்தெடுக்கிற இணைப்பை (டேப்) மாற்றினதும் சரியானது. துணியை இணைக்கிற இடத்தில் ஓவர்லாக் தையல் வேண்டாம், அந்த மேடு இடிக்கும், விளிம்போடு விளிம்பு வைத்து ஃப்ளாட்லாக் போட்டால் நழுவிப் போய்விடும்.

இப்போது ஓசோன். மீன் மார்க்கெட் பிளீச்சிங் பவுடர் வாடையும் மழை வாடையும் கலந்த மாதிரி மூக்கில் ஏறும். வேலை செய்கிற இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 0.1 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்கு) என்பதுதான் வரம்பு. மூக்கு அதற்குக் குறைவான அளவையே முதலில் கண்டுபிடித்துவிடும், ஆனால் கொஞ்ச நேரத்தில் பழகிப்போய் வாடை இல்லை என்று சொல்லும். வாடை குறைந்துவிட்டது என்று மூக்கை நம்பி உள்ளே உட்காரக் கூடாது. வெளியே போய் ஐந்து நிமிஷம் நின்று திரும்பி வந்து மோந்து பார்ப்பது ஒரு சோதனை, ஒரு டிடெக்டர் வாங்கி மாட்டுவது அதைவிட நல்லது. பக்கத்தில் தொங்கவிட்டிருந்த சாதாரண ரப்பர் பேண்டு, இழுத்துக் கட்டியிருந்த இடத்தில் குறுக்கே விரிசல் விட்டு அறுந்தது. ஓசோன் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். மெஷினில் ஏதாவது ரப்பர் பெல்ட், கேஸ்கெட் இருந்தால் இயற்கை ரப்பரைத் தூக்கிவிட்டு சிலிக்கான் அல்லது ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர் போடுங்கள்.

சோதனைக்கு வருவோம். ஒரு செ.மீ. உயரத்திலிருந்து சொட்டு விட்டு, அதன் பளபளப்பு மறைகிற நேரத்தை ஸ்டாப் வாட்சில் எடுப்பது டெஸ்டிங் லேப்களில் எல்லோரும் செய்கிற முறை. ட்ரீட் பண்ணாத, சுத்தமாக அலசின துணியில் ஒரு நிமிஷத்துக்கு மேல். ட்ரீட் பண்ணினதில் ஸ்டாப் வாட்ச் பட்டனை அழுத்துவதற்குள் முடிந்துவிடுகிறது. அதனால் சொட்டுச் சோதனை நல்லதற்கும் ரொம்ப நல்லதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாது. அதற்கு இரண்டரை செ.மீ. அகலத்தில் பட்டை வெட்டி, மி.மீ. கோடு போட்டுத் தொங்கவிட்டு, கீழ் முனையை மட்டும் தண்ணீரில் விட்டுத் தண்ணீர் ஏறுகிற உயரத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் குறிக்க வேண்டும். உயரத்தின் வர்க்கத்தை நேரத்துக்கு எதிராகப் போட்டால் ஆரம்பத்தில் நேர்கோடு வரும், அந்தக் கோட்டின் சாய்வுதான் மதிப்பெண். ட்ரீட் பண்ணாத பட்டை அடியிலேயே நின்றது. ட்ரீட் பண்ணினது பத்து நிமிஷத்தில் 9 செ.மீ. தாண்டி ஏறியது, நீளவாக்கில் வெட்டின பட்டை குறுக்குவாக்கில் வெட்டினதைவிட வேகமாக.

பரப்பில் மை பரவுமா என்று பார்க்க ஃபிலிம்காரர்கள் வைத்திருக்கிற டைன் பேனாவைத் துணியில் போட்டுப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். துணியின் சந்துகளே மையை இழுத்துவிடும், நம்பர் எதையும் சொல்லாது. சொட்டின் விளிம்பு பரப்போடு சேர்கிற கோணமான கான்டாக்ட் ஆங்கிளும் அப்படித்தான். சொரசொரப்பில்லாத பாலியஸ்டர் ஃபிலிமில் தண்ணீரின் கோணம் 70-80 டிகிரி, 90-க்குக் கீழே, ஆகவே புத்தகப்படி நூலுக்குள் தண்ணீர் ஏற வேண்டும். ஏறாததற்குக் காரணம், வட்டமான நார்கள் அடுக்கின சந்தில் தண்ணீர் உள்ளே நுழைய 90-க்கும் ரொம்பக் கீழே கோணம் இறங்க வேண்டும் என்பதுதான். பிளாஸ்மா அந்தக் கோணத்தை இறக்குகிறது.

எனக்குப் பிடித்த சோதனை மெத்திலின் ப்ளூ. இது நேர்மின் சாயம், பாலியஸ்டர் இதைத் தொடாது, கார்பாக்சில் குழு இருக்கிற இடத்தில் மட்டும் பிடிக்கும். ட்ரீட் பண்ணினதும் பண்ணாததுமாக இரண்டு துண்டை ஒரே கிளாஸில் நீர்த்த சாயத்தில் நனைத்து, தண்ணீர் தெளிகிற வரை அலசினால் ஒன்று கிட்டத்தட்ட வெள்ளையாகவே வரும், மற்றது வெளிர் நீலம். அந்த நீலத்தை உற்றுப் பார்த்ததில்தான் விஷயமே இருந்தது. துணியின் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் வெளிறியிருந்தது. எலக்ட்ரோடு அந்த முனையில் அரை மி.மீ. தூக்கிக்கொண்டிருந்ததைச் சொட்டுச் சோதனை காட்டிக்கொடுக்கவில்லை, சாயம் காட்டிக்கொடுத்தது. பின்னல் வளையத்தை (லூப்) பிரித்து நூலை எடுத்துப் பார்த்தால் லூப்பின் மேல் முகடு நல்ல நீலம், நூலும் நூலும் முட்டிக்கொள்கிற இடம் வெளிறல். டிஸ்சார்ஜ் மூடின இடத்துக்குள் அவ்வளவாகப் போவதில்லை. இதனால்தான் இரண்டு பக்கமும் ஓட்ட வேண்டியிருக்கிறது.

சரி, வேலை முடிந்ததா என்றால் இல்லை. ட்ரீட் பண்ணின துணியை பாலித்தீன் கவரில் போட்டு, ஓடு வேய்ந்த கொடவுனில், சித்திரை வெயிலில் வைத்தேன். அலுமினியம் ஃபாயிலில் சுற்றி ஃப்ரிட்ஜில் ஒரு துண்டு. சில வாரம் போனதும் கொடவுன் துண்டில் சொட்டு மறுபடி தயங்க ஆரம்பித்தது, ஃப்ரிட்ஜ் துண்டு கிட்டத்தட்ட அப்படியே. மேலே வந்த தண்ணீர் விரும்பிக் குழுக்கள் அங்கேயே இருப்பதில்லை, சங்கிலி மெல்லத் திரும்பி அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், சூடு கூடினால் வேகம் கூடும். பாலித்தீன் கவரிலும் ஒரு சனியன் இருக்கிறது, கவர் வழுக்குவதற்காகப் போடுகிற மெழுகு மாதிரியான சேர்மானம் துணிக்கு ஒட்டிக்கொள்ளும். துவைத்துப் பார்த்தால் முதல் துவைப்பிலேயே நல்ல சரிவு, அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. பழைய நிலைக்கு முழுக்கப் போகவில்லை, ஆனால் வாங்குகிறவனிடம் காட்டுகிற அளவுக்கும் இல்லை.

ஆகவே பிளாஸ்மாவை மட்டும் செய்துவிட்டு வேர்வை உறிஞ்சும் துணி என்று விற்க முடியாது, விற்றால் சண்டைதான் வரும். பிளாஸ்மா திறந்துவிட்ட மேல்தோலில் அதே ஷிஃப்டுக்குள் ஏதாவது ஒன்றைப் பிடிக்க வைத்துவிட வேண்டும். நான் எடுத்தது கைட்டோசான், இறால் ஓட்டிலிருந்து வருவது. அரை சதவீதக் கரைசல், கரைப்பதற்கு ஒரு சதவீத அசெட்டிக் அமிலம், இரவு முழுக்க மெதுவாகக் கலக்கி, துணியில் வடிகட்டி, பேடிங் மேங்கிளில் நனைத்துப் பிழிந்து, 100 டிகிரியில் காயவைத்து, 130-இல் சில நிமிஷம் க்யூர், அதாவது சூட்டில் பிடிக்க வைப்பது. கைட்டோசானின் அமீன் குழுவுக்கு நேர்மின், பாலியஸ்டர் மேலே பிளாஸ்மா வைத்த கார்பாக்சிலுக்கு எதிர்மின், ஒன்றையொன்று பிடிக்கும். பிளாஸ்மா இல்லாமலும் அதே கரைசலை ஒரு துண்டில் போட்டுப் பார்த்தேன், அது முதலில் நன்றாக இருந்து துவைக்கத் துவைக்கக் கழன்றது. பிளாஸ்மாவுக்குப் பிறகு போட்டது பல துவைப்புக்குப் பிறகும் சொட்டை உடனே வாங்கியது. குறை இல்லாமல் இல்லை, கைப்பதம் கொஞ்சம் விறைப்பு. ஒரு சதவீதம் போட்டால் காகிதம் மாதிரி ஆகிவிடுகிறது, 150-க்கு மேல் க்யூர் பண்ணினால் வெள்ளைத் துணி பழுப்பேறுகிறது.

இதையெல்லாம் பார்த்த டையிங் மாஸ்டர் ஒருவர் கேட்ட கேள்வி நியாயமானது. "ஏன் தம்பி, கடைசி பாத்ல ஒரு கேன் ஹைட்ரோபிலிக் ஃபினிஷ் ஊத்துனா முடிஞ்சுதுங்க. அதுக்கு இத்தனை கரண்ட்டும் கூத்துமா?" பாலியஸ்டரும் பாலிஈதரும் சேர்ந்த அந்த ஃபினிஷைச் சாயம் போடும்போதே 130 டிகிரி பாத்தில் (சாயத் தண்ணீர்த் தொட்டியில்) கொடுத்துவிடலாம், நாரில் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. சாதாரண டி-ஷர்ட்டுக்கு அவர் சொல்வதுதான் சரி, நானும் அதைத்தான் சொல்லுவேன்.

கரண்ட் கணக்கில் மட்டும் மாஸ்டர் தப்பு. சதுர மீட்டருக்கு 200 வாட்-நிமிஷம் என்பது 3.3 வாட்-மணி. 140 கிராம் துணியில் ஒரு கிலோவுக்கு ஏழு சதுர மீட்டர் சொச்சம், ஒரு பாஸுக்கு சுமார் 24 வாட்-மணி, நான்கு பாஸுக்கு நூறை ஒட்டி. ஜெனரேட்டரின் நஷ்டத்தைச் சேர்த்தாலும் கிலோவுக்கு கால் யூனிட்டுக்குள் அடங்கும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 90 டிகிரிக்குச் சூடாக்கவே அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். அந்தத் தண்ணீரை அப்புறம் சுத்திகரிக்கவும் வேண்டும். 2011 ஜனவரியில் சாயக் கழிவுநீர்ப் பிரச்சினையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடின நாட்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு பாத் குறைவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

என் கணக்கில் பிளாஸ்மா நிற்கப்போவது ஈரமாக்கவே முடியாத, அல்லது ஈரமாக்கக் கூடாத இடங்களில்தான். பாலியஸ்டர் துணியில் ஃபிலிம் லேமினேஷன் ஒட்டாமல் உரிவது, ரிஃப்ளெக்டிவ் டேப் பிடிக்காதது, பாலிபுரொப்பிலீன் நான்-ஓவனில் (நெய்யாத துணியில்) தண்ணீர் அடிப்படையிலான கோட்டிங் முத்து முத்தாகத் திரண்டு நிற்பது, இவற்றிலெல்லாம் ஒரு பாஸ் ஓட்டிவிட்டு உடனே கோட்டிங் லைனில் விட்டால் பலன் கண்ணுக்குத் தெரியும். பாலிபுரொப்பிலீன் துண்டு ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், பாலியஸ்டரைவிட அதில் மாற்றம் பெரிசு, ஆனால் சீக்கிரம் உருகும், வேகத்தைக் கூட்டிப் பவரைக் குறைக்க வேண்டும்.

காகிதத்திலிருந்து சூட்டில் சாயத்தை ஏற்றுகிற சப்ளிமேஷன் பிரிண்ட் போடுகிறவர்கள் வேலை வரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் டிரான்ஸ்ஃபர் 200 டிகிரி பக்கத்தில் நடக்கிறது, அந்தச் சூட்டில் பிளாஸ்மாவின் பலன் பெரும்பாலும் போய்விடும், கைட்டோசான் பழுப்பாகும். முதலில் ஹீட் செட்டிங் (சூட்டில் துணியின் அளவை நிலைப்படுத்துவது), பிறகு பிரிண்ட், அதற்குப் பிறகு பிளாஸ்மா, அதே ஷிஃப்டில் பேடிங். பிரிண்ட் போட்ட துணியை ஓட்டுவதற்கு முன் ஒரு முழம் வெட்டிச் சோதித்துவிடுங்கள், முக்கியமாக நீலம் இருந்தால். பாலியஸ்டருக்குப் போடுகிற டிஸ்பர்ஸ் வகைச் சாயங்களில் சில நீலங்கள் ஓசோனுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் நிறம் மங்கும். என் துண்டில் நேவி ப்ளூ தாங்கியது, வெளிர் நீலம் ஒரு ஷேடு இறங்கியது.